ஆல்வின் நினைவாக ஒரு மிஷனெரி

உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. அத முதல்லயே சொல்லிப்புடுதேன். நீங்க புதுசா வந்த ஊழியக்காரர். மாசா மாசம் பணம் குடுத்து உங்களைத் தாங்குற குடும்பம் நாங்க. குடும்பம்னா என்ன, நான் ஒருத்திதான். மிஷனெரி ஞாயிறு ஆராதனை முடிஞ்சா, யாரு எந்த மிஷனெரியைத் தாங்குதாவளோ அவிய வீட்டுலதான் அவருக்குச் சாப்பாடு. எங்க சபையில அப்படி ஒரு வழக்கம். அதனால கூச்சப்படாம சாப்பிடுங்க. கறி இன்னும் ரெண்டு துண்டு வைக்கேன். வேண்டாம்னு கையை மறிக்காதிய. ஊழியக்காரவிய எல்லாரும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாவ. உங்களுக்கு முந்தி நான் தாங்கின பொன்சிங்கும் அப்படித்தான் சொன்னாரு.

அந்தப் போட்டோவைத்தான பாக்கிய? அதுதான் ஆல்வின். என் மகன். கோயம்புத்தூர்ல காலேஜ் படிச்சான். காய்ச்சல்னு போன் வந்துச்சி. நான் இங்க பள்ளிக்கூடத்துல பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். முடிச்சிட்டுக் கிளம்புவோம்னு நினைச்சேன். பஸ் ஏறிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரவிய அதுக்கு முந்தியே போயிட்டாவ.

அழுதியளான்னு எல்லாரும் கேப்பாவ. எனக்கு அழுகை வரல தம்பி. அடக்க ஆராதனை அன்னைக்கு வந்தவியளுக்குக் காப்பி சரியா போகுதான்னு பாத்துக்கிட்டு நின்னேன். டீச்சர் கல் மாதிரி நிக்காவன்னு சொன்னாவ. சொல்லட்டும். மரத்துப் போயிட்டுன்னு சொல்லுவாவல்லா, காலை மடக்கி ரொம்ப நேரம் உக்காந்தா, அந்த மாதிரி. காலுன்னா கொஞ்ச நேரத்துல சரியாயிரும்.

அந்த வருஷம் மிஷனெரி ஞாயித்துல போதகர் ஐயா ஒரு காரியம் சொன்னாவ. இறந்துபோனவியளுக்குக் கல்லறை கட்டுறதோட நிக்காம, அவிய நினைவா ஒரு மிஷனெரியைத் தாங்குங்கன்னு. நான் எந்திரிச்சிக் கையைத் தூக்கிட்டேன். அப்ப எங்க சபையில யாரை வேணாலும் தாங்கலாம். இப்ப மாதிரி மேப்பு, கலரு ஒண்ணும் கிடையாது. ஊழியக்காரர் வருவாரு, பாடுவாரு, சாட்சி சொல்லுவாரு. மனசுக்குப் பிடிச்சவியளை எடுத்துக்கிடுவோம். நல்லா பாடுறவரை உடனே எடுத்துருவாவ. பொன்சிங்குக்குப் பாட்டு வராது. கட்டைக் குரலு. அவரை யாரும் எடுக்கல. சுரண்டைக்காரரு, அப்பதான் கல்யாணம் ஆகி, பொண்டாட்டியும் அவருமா ஒரிசா மலைக்குப் போகத் துணிமணியைக் கட்டி வச்சிருந்தாவ. சுகந்தி, அந்தப் பொண்ணு பேரு. பின்னால பெஞ்சுல உக்காந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கிட்டே இருந்தா. மிச்சம் இருந்தவரு எனக்கு.

ஆலய வாசல்ல பலகை இருக்குல்லா, உள்ள வரும்போது பாத்திருப்பிய. மிஷனெரி பேரு, பணித்தளம், யாரு நினைவா யாரு தாங்குதாவ, எல்லாம் அதுல எழுதியிருக்கும். எங்க வரி: 'பொன்சிங், ஒரிசா. ஆல்வின் நினைவாகத் தாயார் தேவகிருபை.' ஜனங்க செருப்பைக் கழட்டுற இடம் அது. கழட்டும்போது நிமிந்தா வாசிச்சித்தான் ஆகணும். ஒவ்வொரு ஞாயிறும் ஊரே என் பிள்ளை பேரை வாசிக்கும். எனக்கு அது போதும்னு இருந்துச்சி.

பொன்சிங் மாசா மாசம் ஜெபக் கடிதம் எழுதுவாரு. எழுத்துப் பிழை நிறைய இருக்கும். ஆல்வின் இறந்த நாளு வந்தா, அங்க ஒரு கூட்டம் வச்சி, எல்லாருக்கும் சோறு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவாரு. நானா கேட்டது கிடையாது. மலை ஜனங்க வரிசையா உக்காந்து இலையில சாப்பிடுவாவ. அவியளுக்கு ஆல்வின் யாருன்னு என்ன தெரியும்?

அப்புறம் அவியளுக்கு ஒரு பையன் பிறந்தான். போன் பண்ணி, "அம்மா, உங்ககிட்ட கேக்காம ஒண்ணு செஞ்சிட்டோம், பிள்ளைக்கு ஆல்வின்னு பேரு வச்சிருக்கோம்"ன்னு சொன்னாரு. நான் சரின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? ஒரு தங்க மோதிரம் அனுப்பிவிட்டேன். அந்தப் பையனைப் பேரன் மாதிரி நினைச்சேன்னு ஜெமிமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. பெண்கள் சங்கத் தலைவி, இன்னைக்கு வேதபாடம் வாசிச்சாளே, அவதான். அவளுக்கும் எனக்கும் ஒத்துவராது. நான் அவ்வளவு கிறுக்கி இல்ல தம்பி. பையன் முகம் ஆல்வின் மாதிரியே கிடையாது. சுகந்தி சாடை. மூக்கு கொஞ்சம் சப்பை.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் போன் பண்ணுவான். பேசப் படிச்ச நாள்லேர்ந்து பண்ணுதான். போன் எடுத்தவுடனே "ஆல்வின் பேசுறேன்"ன்னு சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். யாரு பேசுறதுன்னு சொல்லிட்டுப் பேசுறதுதான மரியாதை, டீச்சர் வீடு இது. ஹலோன்னு ஆரம்பிச்சா நான் பேச மாட்டேன். "யாரு?"ன்னு கேப்பேன். "ஆல்வின் பேசுறேன்"ம்பான். "யாரு?"ன்னு திருப்பிக் கேப்பேன். சத்தமா "ஆல்வின் பேசுறேன், ஆச்சி"ம்பான். அப்புறம் என்ன சாப்பிட்டான், எங்க விழுந்தான்னு அவன்பாட்டுக்குச் சொல்லுவான். அதெல்லாம் நான் அவ்வளவா கவனிக்கிறது இல்ல. ஒரு பழக்கம்தான். சனிக்கிழமை சாயங்காலம் நான் எங்கயும் போறது கிடையாது.

குழம்பு ஊத்திக்கிடுங்க.

இப்ப நடந்ததைச் சொல்லுதேன். மிஷனெரி ஞாயித்துல அவங்கவங்க மிஷனெரி எழுதின அறிக்கையைத் தாங்குற குடும்பத்து ஆளுதான் சபைக்கு முன்னால வாசிக்கணும். போன தடவை பொன்சிங் நீளமா எழுதியிருந்தாரு. ஆலயம் கட்டிப் பிரதிஷ்டை பண்ணியாச்சி, அந்த ஊருப் பையன் ஒருத்தனையே ஊழியத்துக்குப் படிக்க வச்சி ஆயத்தப்படுத்தியாச்சின்னு முதல் பக்கம். நல்லா இருந்துச்சி. ரெண்டாம் பக்கம் பூராவும் அழுகை. கூரை பாதிதான் போட்டிருக்கு, அறுப்புப் பண்டிகைக்குத்தான் கூட்டம் வருது, மத்த நாள்ல நாலு பேரு, அந்தப் படிச்ச பையன் சூரத்துக்கு வேலைக்குப் போறேன்னு நிக்கான், சுகந்திக்கு விடாம மலேரியா, இன்னும் சில வருஷமாவது நாங்க கூட இருந்தாத்தான் இது நிக்கும்னு.

நான் ரெண்டாம் பக்கத்தை வாசிக்கல. முப்பது வருஷம் பிள்ளையளுக்குக் கட்டுரை திருத்தினவ நான். சபையில எதை வாசிக்கணும், எதை வாசிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? எல்லாரும் ஜெயம், எழுப்புதல்னு வாசிக்காவ. நான் மட்டும் ஆல்வின் பேரைச் சொல்லிட்டு கூரை இல்ல, ஆளு இல்லன்னு வாசிக்கவா? முதல் பக்கத்தை நல்லா நிறுத்தி, ஏத்தி இறக்கி வாசிச்சேன். சபை மொத்தமும் அல்லேலூயா சொல்லிச்சி. ஜெமிமா முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

ஹென்றி எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருந்தான். ஹென்றின்னா நம்ம மிஷனெரி சங்கச் செயலாளர். என்கிட்ட படிச்சவன்தான். துபாய்ல பெரிய கம்பெனியில இருந்துட்டு வந்தவன். வந்தவுடனே கேட்டான், யாரை எதுக்குத் தாங்குறோம்னு நமக்கு ஒரு கணக்கு வேண்டாமா, பாட்டுப் பாடுறதைப் பாத்தா முடிவு பண்ணுறதுன்னு. கேட்டதுல தப்பு இல்ல. அவன் நல்ல பையன். இன்னைக்கு வரைக்கும் அவன் மேல நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்.

பக்கத்து ஹால்ல கூட்டம் போட்டான். புரொஜெக்டரைப் போட்டான், சுவத்துல மேப்பு விழுந்துச்சி. சுவிசேஷமே போகாத இடம் சிவப்பு. ஆரம்பிச்ச இடம் மஞ்சள். ஆலயமும் உள்ளூர் ஊழியக்காரரும் வந்துட்டா பச்சை. பச்சையான இடத்தை அந்த ஜனங்க கையில விட்டுட்டு நாம சிவப்புக்குப் போகணும், பவுல் அப்போஸ்தலர் அப்படித்தான் செஞ்சாருன்னு வசனத்தோட சொன்னான். ஒவ்வொரு ஊராச் சொல்லிக்கிட்டே வந்தான். பொன்சிங் தளம் வந்துச்சி. பச்சை.

"டீச்சர் போன ஞாயிறு வாசிச்ச அறிக்கையே போதும். நம்ம சபையில முதல் பச்சை இதுதான்"ன்னான். எல்லாரும் கை தட்டினாவ. என்னைத் திரும்பிப் பாத்துக் கை தட்டினாவ.

ஜெமிமா எந்திரிச்சா. "ஏன் ஹென்றி, நட்ட தென்னை வேரு பிடிச்சிட்டுன்னு உடனே தண்ணியை நிப்பாட்டிருவியா? அங்க நெலம என்னன்னு பொன்சிங்குக்கு ஒரு போனாவது போட்டுக் கேளு"ன்னா.

ஹென்றி என்னைப் பாத்தான். "டீச்சர், நீங்க சொல்லுங்க. அங்க இன்னும் வேலை பாக்கி இருக்கா?"

ஜெமிமா கேட்டுட்டாளேன்னு நான் ஆமான்னு சொல்லணுமாக்கும்? சபைக்கு முன்னால வாசிச்ச பிறகு, கூரை பாதிதான்னு எப்படிச் சொல்ல? அப்ப டீச்சர் பாதியை முழுங்கிட்டாவன்னு ஆகாதா? "நான் வாசிச்சது வாசிச்சதுதான்"ன்னு சொன்னேன். அது பொய் இல்லல்லா. அது உண்மைதான தம்பி.

கூட்டம் முடிஞ்சி ஹென்றி தனியா வந்தான். "டீச்சர், ஆல்வின் பேரு எங்கயும் போகாது. சிவப்புத் தளத்துக்குப் புதுசா ஒருத்தர் போறாரு, அவரை உங்களுக்குத் தாரோம். பலகையில முதல் வரியா போடுதோம். இல்ல, பொன்சிங்கையேதான் தாங்குவேன்னா தாராளமா தாங்குங்க. நீங்க நேரா அவருக்கு அனுப்பிக்கிடலாம். ஆனா அது உங்க தனிப்பட்ட காரியம், பலகையில வராது"ன்னான். ஒரு வாரம் யோசிச்சிச் சொல்லுங்கன்னும் சொன்னான்.

எனக்கு எதுக்கு ஒரு வாரம்? அங்கயே சொல்லிட்டேன். பலகையில பேரு இருக்கணும்னு.

நீங்க ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கிய? சாப்பிடுங்க. பெத்தவ நிலைமையை நீங்க யோசிக்கணும். தனியா அனுப்புனா யாருக்குத் தெரியும்? எனக்கும் பொன்சிங்குக்கும் தெரியும். ஆல்வின்னு ஒருத்தன் இந்த ஊர்ல பிறந்தான், அந்த வாசல்ல செருப்பைக் கழட்டினான்னு யாரு வாசிக்கிறது? நான் போயிட்டா அதுவும் போயிட்டு. நான் என் பிள்ளைக்காகத்தான் செஞ்சேன். இப்பவும் கேட்டா அதையேதான் சொல்லுவேன்.

பொன்சிங்குக்கு ஹென்றியே போன் பண்ணிட்டான். அப்புறம் பொன்சிங் எனக்குப் பண்ணினாரு. அவரு ரெண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். "சபை தீர்மானம் கர்த்தருடைய தீர்மானம்மா. இத்தனை வருஷம் எங்களைத் தாங்கினியளே, ஸ்தோத்திரம்"ன்னாரு. ரெண்டாம் பக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வாசிச்சிருப்பேன்னே நினைச்சிருப்பாரு போல. எனக்கு என்ன தோணுதுன்னா, அவரு அந்தப் பிரதிஷ்டையை அவ்வளவு பெரிசா எழுதியிருக்க வேண்டாம். எழுதத் தெரியாதவரு. அதுதான் அவருக்கு வினையாப் போச்சி.

வேற சபை ஏதும் அவரை எடுத்துக்கிடல. பச்சையான இடத்துக்கு யாரு வருவா? பையனுக்குப் பரீட்சை முடிஞ்சதும் குடும்பத்தோட ஊருக்கு வந்துட்டாவ. சுரண்டையில மாமனாருக்கு உரக்கடை இருக்கு, அதுல உக்காந்திருக்காரு. அந்தப் படிச்ச பையனும் சூரத்துக்குப் போயிட்டானாம். ஆலயம் பூட்டிக் கிடக்கோ என்னமோ. மேப்புல பச்சைதான்.

இதெல்லாம் எனக்கு ஒண்ணும் செய்யல தம்பி. கேட்டேன், சரின்னேன். சனிக்கிழமை போன் வாறது நின்னுட்டு. நின்னா நிக்கட்டும், பிள்ளை புது இடத்துல இருக்கான்னு நினைச்சேன். சாயங்காலம் உக்காந்திருப்பேன். உக்காந்து பழகிட்டுல்லா.

போன மாசம் அவிய மூணு பேரும் என்னைப் பாக்க வந்தாவ. இத்தனை வருஷம் தாங்கினதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகணும்னு வந்தோம்ன்னாவ. சுகந்தி பாதியா இருந்தா. பொன்சிங் இந்த நாற்காலியிலதான் உக்காந்தாரு. பையன் நல்லா வளந்திருந்தான். வெளிய அணில் ஓடுறதைப் பாத்துட்டு முற்றத்துல நின்னான். நான் மிக்சரும் பழமும் தட்டுல வச்சிட்டு, "ஆல்வின், உள்ள வாடா"ன்னு கூப்பிட்டேன்.

திரும்பல.

காது கேக்கலைன்னு நினைச்சி, இன்னும் கொஞ்சம் சத்தமா "ஆல்வின்"ன்னேன். அவன் திரும்பி என்னைப் பாக்கல தம்பி, அவன் அம்மாவைப் பாத்தான். திரும்பலாமா வேண்டாமான்னு கேக்குற மாதிரி.

சுகந்திதான் சொன்னா. "பேரை மாத்திட்டோம்மா. இங்க பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஜெபின்னு குடுத்துட்டோம். உங்க மகன் ஆல்வின் பேரு இனி புது மிஷனெரி கூடல்லா சேந்தது. நாங்களும் வச்சிக்கிட்டு இருந்தா சரியா இருக்காதுன்னு இவிய சொன்னாவ. வீட்டுலயும் அப்படியே பழக்கிட்டோம்." சொல்லும்போது சிரிச்ச முகமாத்தான் இருந்தா. மரியாதையாத்தான் சொன்னா. அந்த மோதிரத்தையும் ஒரு சின்ன டப்பாவுல வச்சி மேசையில வச்சா. நான் யாருகிட்டயும் பேரைத் திருப்பிக் கேக்கல தம்பி. மோதிரத்தையும் கேக்கல. ஒரு வார்த்தை கேக்கல. என்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா?

நான் என்ன சொன்னேன்னா, "நல்லது"ன்னேன். பையன் உள்ள வந்து மிக்சரைத் தின்னான். டீச்சர் பழக்கம் விடுமா, வாய் சும்மா இருக்காம "உன் பேரு என்னடா?"ன்னு கேட்டுட்டேன். நல்ல பிள்ளை, எந்திரிச்சி நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, "ஜெபின், ஆச்சி"ன்னான்.

அவிய போன பிறகு ஆலயத்துக்குப் போனேன். பெயிண்டர் அன்னைக்குத்தான் புதுப் பலகையை எழுதி முடிச்சிருந்தான். முதல் வரி. நல்ல நீலத்துல, பெரிய எழுத்துல. நான் செருப்பைக் கழட்டிட்டு வாசிச்சேன். திருப்பி வாசிச்சேன். அப்புறம், ஆளு யாரும் இல்லைன்னு பாத்துக்கிட்டு, ஆல்வின்னு மெல்லமா கூப்பிட்டேன். பலகையைப் பாத்துக் கூப்பிட்டா அது என்ன செய்யும்? பெயிண்டு வாடைதான் அடிச்சிச்சி.

அன்னைக்கு எனக்கு வலிச்சிது தம்பி. மறைக்காமச் சொல்லுதேன். இத்தனை வருஷம் கழிச்சி வலிச்சிது. கோயம்புத்தூர்லேர்ந்து போன் வந்த அன்னைக்குக்கூட அப்படி இல்ல. அழுதுட்டா நல்லதுன்னு படியில உக்காந்தேன். கண்ணுல ஒண்ணும் வரல. வீட்டுக்கு வந்து சோறு வடிச்சேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். இப்ப திரும்பவும் பழைய மாதிரி ஆயிட்டு.

உங்க தளம் நல்ல சிவப்புன்னு ஹென்றி சொன்னான். சிவப்பாவே இருக்கட்டும்னு ஜெபம் பண்ணவா முடியும்? நீங்க போயி நல்லபடியா ஊழியம் செய்யுங்க. செஞ்சா அதுவும் ஒரு நாள் பச்சையாகும். அப்ப உங்களையும் வரச் சொல்லுவாவ. எனக்கு இன்னொருத்தரைத் தருவாவ. அவருக்கும் இதே மாதிரி கறி வைப்பேன்.

கையைக் கழுவிக்கிடுங்க. துண்டு அங்க கொடியில கிடக்கு. போறதுக்கு முன்னால ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க. நான் உங்களுக்காகவும் ஜெபிக்கணும்லா, தினமும் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறது. உங்க பேரைச் சங்கத்துல சொன்னாவ, பலகையிலயும் எழுதியிருக்கு. அந்த வரியில ஆல்வின்கிறதைத் தவிர வேற ஒண்ணும் என் கண்ணுல படல.

உங்க பேரு என்ன தம்பி?